இருசுக்கு இட்ட மை

கண்டிகை என்று முடியும் ஊர்ப்பெயர்கள் திருவள்ளூர் மாவட்டத்திலே மலிந்து கிடக்கின்றன; எல்லையைத் தாண்டி ஆந்திர தேசத்துக்குள் சிறிது தூரம் சென்றால் அதே சொல் கண்ட்ரிகா என்று சற்றே மாறி ஒலிக்கக் கேட்கலாம். திருத்தணியிலிருந்து சோளிங்கர் செல்லும் நெடுஞ்சாலையில் தன் கடைவீதியோடு அமைந்திருக்கும் கே.ஜி.கண்டிகை அத்தகைய ஊர்களுள் ஒன்று. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் இப்பிரதேசத்தில், தமிழர் வண்டி என்பதைத் தெலுங்கர் பண்டி என்பர். ஆயினும் அந்த வண்டியின் பாரத்தையெல்லாம் தாங்கி இரு சக்கரங்களையும் இணைத்து நிற்கும் அச்சுக்கு இரண்டு பாஷையிலும் இருசு என்பதே பெயர். ராஜ்யங்கள் எல்லையைக் குறித்து ஆண்டுக்கணக்காக வாதாடிய இந்நிலத்தில் இருசு மட்டும் எந்தப் பங்கீட்டுக்கும் உட்படாமல் இருவருக்கும் பொதுவாகவே இருந்து வந்திருக்கிறது. அந்த இருசையும், அதற்கு மையிட்டுக் காத்த கைகளையும் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். இவ்வட்டாரத்தில் சரக்கு வண்டி வைத்திருந்தவன், அது மாடு இழுத்த காலத்திலும் சரி, டீசல் இழுக்கும் காலத்திலும் சரி, அதைத் தானே பேணியும் தன் சரக்குக்கு ஏற்றபடி தானே திருத்தியும் வந்தவன் என்பது என் துணிபு.

மாட்டுவண்டியை எளிய சாதனமென்று கருதுவோர் அதன் ஒரு சக்கரத்தையேனும் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். நடுவே குடம், குடத்தில் செருகிய ஆரக்கால்கள், ஆரக்கால்களின் மறுமுனையைக் கவ்விக்கொள்ளும் வட்டைகள், வட்டைகளைச் சுற்றி இறுக்கிய இரும்புப்பட்டை, இவ்வளவும் கழன்று ஓடிவிடாதபடி இருசின் நுனியில் நின்று காக்கும் கடையாணி என்று, ஒன்றையொன்று நம்பி நிற்கும் பல உறுப்புகளால் ஆனது அது. கோடை முற்றி மரம் உலர்ந்தால் ஆரக்கால்கள் குடத்தினுள் ஆட்டம் காணும். வண்டிக்காரன் சக்கரத்தைக் கழற்றி ஏரித்தண்ணீரில் ஊறப்போடுவான். மரம் நீரைக் குடித்துப் பருத்துத் தானே இறுகிக்கொள்ளும். வைக்கோலைக் கரித்துப் பொடியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மையை மூங்கில் குழாயில் இட்டு வண்டியின் அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். பிரயாணத்துக்கு முன்னே கடையாணியைப் பிடுங்கிச் சக்கரத்தைச் சிறிது வெளியே இழுத்து, இருசின்மேல் அந்த மையைத் தடவி மீண்டும் தள்ளிவிடுவதற்கு எந்தத் தச்சனையும் அழைத்ததில்லை. மையில்லாத வண்டி அழுதுகொண்டே போகும் என்பார்கள். அந்த அழுகுரல் ஊரார் காதில் விழுந்தால் வண்டிக்குடையவனுக்குத் தலைகுனிவு.

தச்சரும் கொல்லரும் வேண்டியிருந்தது பெரிய காரியங்களுக்கு மாத்திரமே. அவர்களுக்கும் வேலைக்கு வேலை கூலி என்பது கிராமங்களில் பெரும்பாலும் இல்லை. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டிலே அவர்கள் பங்கு நெல்லை அளந்துவிட்டால், அந்த ஆண்டு முழுவதும் ஏரும் வண்டியும் அவர்கள் பொறுப்பு. வாகனக் கம்பெனிகள் இன்று வருஷாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு செய்துகொள்ளும் ஏற்பாட்டை, கையெழுத்தே தெரியாதவர்கள் நெல்மணியை வைத்து நடத்தி வந்தார்கள்.

சிறுவயதில் சக்கரத்துக்குப் பட்டை கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாக வளைத்துப் பற்றவைத்த இரும்பு வளையத்தைத் தரையில் கிடத்தி, அதன்மேல் வறட்டியை வட்டமாக அடுக்கித் தீயிடுவார்கள். வெப்பத்தால் வளையம் விரிந்து செந்நிறமானதும் நாலு பேர் குறடுகளால் அதைத் தூக்கி வந்து மரச் சக்கரத்தின்மேல் இறக்குவார்கள். மரம் கருகிப் புகை எழும்பும் அந்த க்ஷணத்திலேயே குடம் குடமாகத் தண்ணீர் பாயும். இரும்பு சுருங்க, வட்டையும் ஆரக்காலும் குடமும் முறுகி முனகிக்கொண்டு ஒன்றாக இறுகும் ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. ஆணி ஒன்றுகூட இல்லாமல் நெருப்பையும் நீரையும் மாத்திரம் கொண்டு செய்த அந்தக் கட்டு, கல்லிலும் பள்ளத்திலும் ஆண்டுக்கணக்கில் அவிழாது. அந்த வேலை நடந்த இடத்துக்குப் பட்டறை என்று பெயர். உலையும் துருத்தியும் போய்விட்ட பிறகும், வெல்டிங் பட்டறை, லேத் பட்டறை, பாடி பட்டறை என்று அந்தப் பெயர் போகாமல் நிலைத்துவிட்டது; அது வெறும் சொல்லின் தொடர்ச்சி மட்டும் அன்று என்றே நினைக்கிறேன்.

1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. பின்னர் அந்தப் பாதையில் உள்ள அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவை நோக்கிப் பிரிந்த கிளை திருத்தணியைத் தொட்டுக்கொண்டு சென்றது. இதனால் மாட்டுவண்டி ஒழிந்துவிடவில்லை. சென்னை வரையில் போன நெடும்பயணம் அதற்குக் குறைந்து, கிராமத்திலிருந்து ரயிலடி வரையில் செல்லும் குறும்பயணம் பெருகியது. குறும்பயணத்துக்கென்று ஒரு வாகனம் வேண்டும் என்ற தேவை அப்போதே பிறந்துவிட்டது எனலாம். அதற்குரிய யந்திரம் வருவதற்கு இன்னும் நூறாண்டுக்குமேல் ஆகும்.

இதற்கிடையே எல்லை நகர்ந்தது. சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த திருத்தணி, 1953இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது அந்தப் பக்கம் சென்றது. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், அதன்பின் நடுவர் படாஸ்கர் அளித்த தீர்ப்பும், 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டமும் சேர்ந்து, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியை மீண்டும் சென்னை ராஜ்யத்தில் செங்கற்பட்டு ஜில்லாவோடு இணைத்தன. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் தனியே உருவாயிற்று. தலைநகரங்கள் மாறினவேயன்றி, மலையேறி முருகனைத் தரிசிக்க வரும் தெலுங்கு நாட்டு பக்தர் கூட்டமோ, சந்தைக்குச் செல்லும் காய்கறி மூட்டையோ, தறிக்குப் போகும் நூல் மூட்டையோ தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.

மோட்டார் யுகத்தில் நம்மவர் முதலில் கற்றுக்கொண்ட கைத்தொழில் வண்டிக்குக் கூண்டு கட்டுவது. 1840இல் குதிரை வண்டிகள் செய்வதற்காகச் சென்னையில் தோன்றிய சிம்ப்ஸன் ஸ்தாபனம், 1903இல் நீராவியால் ஓடும் மோட்டார் ஒன்றையே செய்து காட்டியது. சீமையிலிருந்து இறங்கிய மோட்டார்ச் சட்டங்களின்மேல் இங்கேயே மரமும் தகரமும் கொண்டு உடல் அமைக்கும் பழக்கம் இத்தகைய ஸ்தாபனங்களால் வேரூன்றிற்று. இரண்டாவது உலக மகாயுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது இந்தச் சாமர்த்தியம் மேலும் ஒரு படி ஏறியது. பஸ்ஸின் பின்புறத்தில் பீப்பாய் போன்ற ஓர் உலையை மாட்டி, அதில் மரக்கரியை அரைகுறையாக எரித்து எழும் வாயுவைக் குளிர்வித்து வடிகட்டி எஞ்சினுக்குள் செலுத்தும் கரிவாயு சாதனத்தை மதுரை டி.வி.எஸ். ஸ்தாபனத்தார் செய்து பரப்பினார்கள். பெட்ரோலின் வேகம் அதற்கில்லை. மேட்டைக் கண்டால் திணறும். விடியுமுன் எழுந்து கரியைக் கிளறி உலையை மூட்டுவதற்கே ஓர் ஆள் வேண்டும். ஆயினும் எண்ணெய் இல்லையென்று வண்டியை நிறுத்திவிடாமல், உள்ளூர்க் கரியைக்கொண்டு ஓட்டலாம் என்ற தைரியம் பிறந்தது அக்காலத்திலேதான். அடுப்பு மூட்டத் தெரிந்தவன் எஞ்சினையும் தொடலாம் என்று கண்டுகொண்டான்.

மோட்டாரோடு வந்த சொற்களும் நம்மவரின் கைப்பழக்கத்தைக் காட்டுகின்றன. உபரிச் சக்கரத்தை ஸ்டெப்னி என்கிறோம். இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் நாட்டில் லானெலி என்னும் ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904ஆம் ஆண்டு வாக்கில் டேவிஸ் சகோதரர்கள் உபரிச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள்; அத்தெருவின் பெயரே சரக்கின் பெயராயிற்று. பிறந்த தேசத்தில் அச்சொல் மறைந்து எத்தனையோ காலமாகிறது. நம் ஊர் ஓட்டுநரோ அதைத் தினமும் உச்சரிக்கிறார். ஏனெனில் அவருக்கு ஸ்டெப்னியைக் கழற்றுவதும் மாட்டுவதும் தினசரிக் காரியம்.

சிறிய சரக்கு வாகனம் என்று தனியே ஓர் இனம் நம் நாட்டில் தோன்றியது சுதந்தரத்துக்குப் பின்னரே. 1958இல் பிரோடியா குடும்பத்தார் தொடங்கிய பஜாஜ் டெம்போ ஸ்தாபனம் ஜெர்மானியரின் மூன்று சக்கர வண்டியை இங்கே செய்து விற்றது. டெம்போ என்பது ஒரு கம்பெனியின் பெயர் என்பதையே ஜனங்கள் மறந்து, எந்தச் சிறிய சரக்கு வண்டியையும் டெம்போ என்று அழைக்கத் தலைப்பட்டார்கள். சென்னைக்குத் தெற்கே வண்டலூரை அடுத்திருந்த தொழிற்சாலையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியார் ஸ்டாண்டர்ட் 20 என்ற வேனைச் செய்தார்கள்; நம் மாநிலத்திலேயே பிறந்த சரக்கு வேன் என்ற பெருமை அதற்குண்டு. பஜாஜ் டெம்போவின் மெட்டடார் வேன் முன்சக்கரத்தால் இழுக்கப்படுவது. பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டு அதன் அடியில் இல்லாமையால் தளம் தாழ்ந்திருக்கும். மூட்டையை இடுப்பளவுக்குத் தூக்கினாலே போதும் என்பதால், சுமை தூக்கும் தொழிலாளிக்கு அது செய்த உபகாரம் பெரிது.

இந்த வேன்கள் யாவும் எளியவர்க்கு எட்டாத விலையுடையவை. ஆகவே ஏழைகள் தாமே வாகனம் படைத்துக்கொண்டார்கள். பழைய லாரி, ஜீப்புகளின் இருசையும் ரப்பர்ச் சக்கரத்தையும் மாட்டுவண்டிக்குப் பொருத்தி டயர் வண்டி என்றார்கள். வடசென்னையில் முன்புறம் பலகைத் தட்டு கொண்ட மூன்று சக்கர மிதிவண்டியில் பழைய ஸ்கூட்டர் எஞ்சினை ஏற்றி மீன்பாடி வண்டியை ஓட்டினார்கள். சட்டம் இதை ஒப்பவில்லை; பிரேக் பலமும் இருக்கை அமைதியும் இல்லாத அவ்வாகனம் ஆபத்தானதென்பதும் மெய்யே. ஆனாலும் அதைச் செய்தவர்களின் வறுமையையும் புத்தியையும் ஒருசேரக் காணும்போது, அவர்களுக்கேற்ற வாகனம் ஒன்றைத் தேசம் உரிய காலத்தில் செய்து கொடுக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு மேலிடுகிறது.

அந்த வாகனம் 2005ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்தது. டாடா ஏஸ் என்பது அதன் உத்தியோகப் பெயர். வடநாட்டார் சோட்டா ஹாத்தி என்றனர். நாம் குட்டி யானை என்றோம். இண்டிகா காரின் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பாதியாக்கினாற்போல அமைந்த 702 சி.சி. இரண்டு சிலிண்டர் எஞ்சின். 16 குதிரைச் சக்தி. முக்கால் டன் பாரம். அன்றைய விலை இரண்டேகால் லட்ச ரூபாய் அளவில். ஒரு குடும்பம் நகையை வைத்து முன்பணம் கட்டி, மாதத் தவணையில் தீர்க்கக்கூடிய தொகை அது. 3,000 கிலோவுக்கு மேற்படாத மொத்த எடையுள்ள சரக்கு வாகனத்துக்கு பர்மிட் தேவையில்லை என்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் விலக்கும் அதற்குத் துணையாயிற்று. 2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்து சேர்ந்தது. ரயிலடிக்குப் போன குறும்பயண வண்டிக்கு உண்மையான வாரிசு, இவ்வாறு, ஒன்றரை நூற்றாண்டு கழித்துப் பிறந்தது.

கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களில் இந்த வண்டியின் உடைமையாளரே ஓட்டுநர். ஓட்டுநரே அரை மெக்கானிக்கு. விடியற்காலையில் வண்டியை எடுக்குமுன் அவர் செய்யும் காரியங்களுக்கு ஒரு நித்திய கர்மத்தின் ஒழுங்கு உண்டு. ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பார். ஆயில் கம்பியை உருவித் துணியில் துடைத்து மீண்டும் நுழைத்து எடுத்து, எண்ணெயின் அளவை மட்டுமின்றி அதை இரு விரலிடையே தேய்த்து அதன் பசையையும் பார்ப்பார். பேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தித் தொய்வு பார்ப்பார். சக்கரத்தைக் காலால் உதைத்து அந்தச் சத்தத்திலேயே காற்றின் நிலையை அறிவார். செம்மண் சாலையில் ஓடுகிற வண்டிக்கு ஏர் பில்டர்தான் நுரையீரல் என்பதை அவர் நன்கு அறிந்திருப்பதால், புத்தகம் சொல்லும் தவணைக்குக் காத்திராமல் அதைக் கழற்றித் தட்டித் தூசி நீக்குவார்.

டீசல் வண்டிக்காரருக்கு மாத்திரமே உரிய ஓர் அநுபவம் ஏர் பிடிப்பது. டாங்கியில் டீசல் அடியோடு தீர்ந்தாலும், குழாயில் எங்கேனும் கசிந்தாலும், பம்புக்குச் செல்லும் வழியில் காற்று புகுந்துவிடும். டீசலை அழுத்தினால் அழுத்தம் அப்படியே மறுமுனைக்குப் போகும்; காற்றோ அழுத்தினால் சுருங்கிக்கொண்டு அழுத்தத்தை விழுங்கிவிடும்; ஆகவே டாங்கியை நிரப்பியும் எஞ்சின் கிளம்பாது. அப்போது ஓட்டுநர் பதறமாட்டார். பில்டரின் மேலுள்ள திருகை ஒரு சுற்றுத் தளர்த்தி, கைப்பம்பை மெல்ல அழுத்திக்கொண்டிருப்பார். திருகின் ஓரத்தில் முதலில் நுரை வரும். பிறகு குமிழியும் டீசலும் கலந்து வரும். கடைசியில் குமிழியற்ற டீசல் நூலிழைபோல ஒழுகும்போது திருகை இறுக்குவார். பத்து நிமிஷ வேலை. இதைத் தந்தை மகனுக்கும், ஓட்டுநர் கிளீனருக்கும் சாலையோரத்தில் கைபிடித்துக் கற்பித்தார்களேயன்றி எந்தப் பாடசாலையும் கற்பிக்கவில்லை. அவ்வழியே போகும் இன்னொரு வண்டிக்காரர், “என்ன அண்ணே, ஏர் பிடிச்சுக்கிச்சா?” என்று கேட்டு இறங்கிவிடுவார், அவருடைய ஊர் எது, பாஷை எது என்ற விசாரணை அங்கே எழுவதில்லை.

வண்டியைத் திருத்திக்கொள்வதிலும் அவரவர் சரக்கே சிற்பி. நூலும் லுங்கிக் கட்டும் ஏற்றுபவர், நெய்த துணி நனையாமலிருக்கத் தார்ப்பாயை முதுகுபோல வளைத்துக் கட்டக் கம்பி வளைவுகள் பற்றவைத்துக்கொள்வார்; தறிக்குப் போகும் பாவு உருளை உருளாதிருக்கத் தளத்தில் பள்ளம் வெட்டிய மரக்கட்டைகளைப் பொருத்துவார். தளத்தின் தகடு துருப்பிடித்து ஓட்டையாகுமுன் அதன்மேல் கெட்டித் தகடு ஒன்றை அடித்துக்கொள்வது காய்கறி வண்டிக்காரரின் முன்யோசனை. கோழி ஏற்றுபவர் காற்றோடும் வலைக்கூண்டு அமைக்கிறார். பூ ஏற்றுபவர் ஈரச் சாக்குப் படுதா தொங்கவிடுகிறார். ஒலிபெருக்கியும் தராசும் வைத்துத் தெருத்தெருவாகச் சென்றால் அதுவே காய்கறிக்கடை; அடுப்பும் மடக்குப்பலகையும் வைத்து நிறுத்தினால் சிற்றுண்டிச்சாலை. ஆலையில் ஒரே அச்சில் வார்த்த வண்டி, திருத்தணிக் கடைவீதிக்கு வந்து சேர்ந்த ஆறு மாதத்துக்குள் தனக்கென ஒரு முகம் பெற்றுவிடுகிறது.

எல்லாத் திருத்தமும் நன்மையானதென்று நான் சொல்லமாட்டேன். முக்கால் டன்னுக்கென்று அளவிட்ட வண்டியில் ஒன்றரை டன் ஏற்றுவதற்காக, பின்புற ஸ்பிரிங்கில் உபரிப் பட்டா செருகிக்கொள்ளும் வழக்கம் பரவலாக உண்டு. ஸ்பிரிங் தாங்கிவிடும், ஆனால் பிரேக் தாங்குமா, இருசு தாங்குமா, பன்னிரண்டு அங்குலச் சக்கரம் தாங்குமா என்று எவரும் கேட்பதில்லை. மயிலிறகேயானாலும் அளவுமீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் அரச நீதியாகச் சொன்னது வண்டிக்காரர்களின் அநுபவத்திலிருந்து எடுத்த உண்மைதான். பதிவுச் சான்றில் கண்ட அமைப்பை மாற்றலாகாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விதிக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை வற்புறுத்தியது. அளவுமீறிச் சரக்கு ஏற்றுவதைவிடக் கொடியது, சரக்கு ஏற்றும் தளத்தில் மனிதரை ஏற்றுவது. விசேஷ நாட்களில் சந்நிதிக்குப் புறப்படும் குடும்பங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னே நிற்பதைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சு துணுக்குறுகிறது. எந்தப் பட்டறையின் சாமர்த்தியமும் அந்தக் குழந்தைகளைக் காக்காது.

சட்டம் இன்னொரு விதத்தில் இவர்களுடைய கைத்திறனை வளர்த்திருக்கிறது. எட்டு ஆண்டு வரையில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்காக வண்டியைக் காட்ட வேண்டும்; இதை எஃப்.சி. காட்டுவது என்பார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு வண்டி பட்டறைக்குள் நுழையும். துருவைச் சுரண்டி, பட்டி பார்த்து, வர்ணம் அடித்து, பிரேக் கட்டைகளை மாற்றி, விளக்குகளைத் திருத்தி, ஒளிரும் பட்டைகளை ஒட்டி, வண்டி கல்யாணப் பிள்ளைபோல வெளியே வரும். அந்த ஒரு வாரமும் உடைமையாளர் தாமே உப்புத்தாள் பிடித்துத் தேய்ப்பார். கூலி மிச்சம் என்பது ஒரு காரணம், தம் வண்டியின் எந்த மூலையில் என்ன நோய் என்று தெரிந்துகொள்வது மற்றொரு காரணம்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்ற புகை விதி அமலுக்கு வந்தபின் வண்டிக்காரருக்கும் வண்டிக்கும் உள்ள இந்த உறவு மாறி வருகிறது. காற்று தூய்மையாக வேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது; திருத்தணியில் மூச்சுவிடும் குழந்தைக்கும் டில்லியின் குழந்தைக்கும் நுரையீரல் ஒன்றே. ஆனால் புதிய எஞ்சின்களில் எண்ணெயை எவ்வளவு, எப்பொழுது தெளிப்பதென்பதை ஒரு மின்னணுப் பெட்டி நிர்ணயிக்கிறது. மூலைக்கு மூலை சென்சார்கள் அதற்குச் சேதி சொல்கின்றன. ஒன்று பழுதானால் பலகையில் மஞ்சள் விளக்கு எரியும். ஸ்கேனர் கருவியைச் செருகிப் பார்ப்பவரன்றி வேறொருவர் காரணம் சொல்ல இயலாது. 2022இல் மின்சாரத்தால் ஓடும் ஏஸும் வந்துவிட்டது. ஏர் பிடிப்பதற்கு அதில் டீசல் குழாயே இல்லை. ஸ்கேனர் வாங்கவும் அதைப் படிக்கவும் சிற்றூர்ப் பட்டறைக்காரர்களுக்கு வசதி செய்து கொடுப்பது சர்க்காரின் கடமையென்றும், கம்பெனிகள் பழுதுநீக்கும் விவரங்களைத் தம் சொந்த நிலையங்களில் மட்டும் பூட்டிவைப்பது தகாதென்றும் நான் உறுதியாக எண்ணுகிறேன். இருபது ஆண்டுகளாக ஒலியைக் கேட்டே நோய் சொன்ன ஒருவர், ஒரு மஞ்சள் விளக்கின் முன் கைகட்டி நிற்கும்படி விடுவது நியாயமன்று.

ஆயினும் அந்தப் பெட்டியால் அளக்க முடியாத இடங்கள் வண்டியின் அடியில் இன்னும் இருக்கின்றன. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் சாயங்காலம் கண்டிகைக் கடைவீதியில் போய்ப் பார்த்தால், வாழைக்கன்றும் மாலையும் கட்டுவதற்கு முன்னே, வண்டியின் அடியில் மல்லாந்து படுத்து ஒருவர் கிரீஸ் அடித்துக்கொண்டிருப்பார். முன் இருசின் நுனியில் உள்ள சிறு நிப்பிளைத் துணியால் துடைத்து, கிரீஸ் துப்பாக்கியின் வாயை அதில் வைத்து, கைப்பிடியை ஒன்று, இரண்டு, மூன்று என்று அழுத்துவார். புதிய கிரீஸ் உள்ளே செல்லச் செல்ல, ஓர் ஆண்டின் தூசியையும் தேய்ந்த இரும்பையும் சுமந்துகொண்டு பழையது இடுக்கின் வழியே பிதுங்கி வரும். விரலால் வழித்து வெளிச்சத்தில் காட்டினார் ஒருவர்; வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த மையின் அதே கறுப்பு.